தம்பிக்கென்று வைத்த மிளகளவு லேகியம்

அன்று பழவேற்காட்டுக் கோட்டைக்குள், அகழியோரக் கொட்டகையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கணக்கெழுதும் உலாந்தாக்காரர் ஒருவர், ஒல்லாந்து தேசத்து வெள்ளைக்காரர். அவர் பேச்சைத் தமிழில் எடுத்துச் சொன்ன மீரா லெப்பை. வாசலில் ஈட்டியோடு சிப்பாய்கள் இரண்டு பேர். என் தம்பி முத்தையன். அவனோடு ஒரே கயிற்றில் கட்டியிருந்த இரண்டு பேர். அவர்கள் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. அப்புறம் நான். ஆக எட்டுப் பேர். படகுக்கார எல்லையனும் அவன் பெண்டாட்டி நாகம்மாவும் உள்ளே வரவில்லை, துறையில் காத்திருந்தார்கள்.

இவ்வளவு கறாராக எழுதக் காரணம் இருக்கிறது. எங்கள் ஊரில் இதைச் சொல்கிறவர்கள் பெரிய கூட்டம் என்கிறார்கள், தள்ளுமுள்ளு என்கிறார்கள், வெள்ளைக்காரன் துப்பாக்கியை நீட்டினான் என்கிறார்கள். யாரும் எதையும் நீட்டவில்லை. எட்டுப் பேர், ஒரு மேசை, ஒரு கேள்வி. அவ்வளவுதான்.

செஞ்சிச் சீமையில் மலையடிவாரத்து ஊர் எங்களுடையது. வெற்றிலைக் கொடிக்கால் வைத்துப் பிழைக்கிறோம். பள்ளிக்கூடத்தில் நான் உட்கார்ந்தது இரண்டு வருஷம். மணலில் எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். எழுந்து நின்று சொல் என்றால் தீர்ந்தது. விரல் நடுங்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், அரை நொடிக்கு முன்னால் தெரிந்தது மறந்துபோகும். வாத்தியாரின் பிரம்புதான் உடைந்தது, என் வாய் திறக்கவில்லை. "போதும், கொடிக்காலுக்கு வா" என்று அப்பா கூட்டிப்போய்விட்டார். வெற்றிலை யாரையும் எழுந்து நின்று சொல்லச் சொல்லாது.

அப்பா போன பிறகு மழையும் போயிற்று. கிணறு வற்றிக் கொடி கருகிய வருஷம் தரகர்கள் வந்தார்கள். அடிமைக் கப்பலுக்கு ஒரு ஆள் கொடுத்தால் வீட்டுக்கு அரிசி, கையில் கொஞ்சம் பணம். வீட்டில் அம்மா, தங்கை, முத்தையன், நான். மூத்தவன் நான், நான்தான் எழுந்தேன். தரகன் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டான். "இவன் கை நடுங்குது. நோயாளி. சின்னவனக் குடு" என்றான். முத்தையன் போனான். அந்த அரிசியை நானும் தின்றேன்.

பிறகு மழை வந்தது. எப்போதும் அப்படித்தானே. கப்பல் ஏறுவதற்கு முன்னால் உறவுக்காரர் வந்து விலையைத் திருப்பிக் கட்டினால் ஆளை விட்டுவிடுகிறார்கள் என்று ஒரு துணி வியாபாரி சொன்னார். கொடிக்காலை ஈடு வைத்து எட்டு வராகன் வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். வியாபாரி இன்னொன்றும் சொல்லியிருந்தார். தரகர்களே உறவுக்காரர் வேஷம் போட்டு மலிவாக மீட்டு வேறு துறைமுகத்தில் விற்கிறார்களாம். அதனால் கணக்கர் முன்னால் நின்று கேட்டதற்கெல்லாம் தடுமாறாமல் பதில் சொல்ல வேண்டும். நடுங்கினால் பொய்யன் என்று எழுதிவிடுவார்கள்.

நான் நடுங்காமல் இருந்த நாள் எது?

*

ஊரிலிருந்து பல நாள் வந்து, ஏரியை நெருங்கிய முதல் நாளே வழி தவறியது. நடந்து கால் வீங்கிப்போய், காலியாகத் திரும்பிய ஓர் உப்பு வண்டியில் ஏறினேன். "பழவேற்காட்டு ஏரிக்கா?" என்று கேட்டேன். வண்டிக்காரர் தலையாட்டினார். அவர் தலையாட்டியது உண்மையா என்று யோசித்து யோசித்து அசந்து தூங்கிவிட்டேன். எழுந்தால் முன்னால் ஏரி, பக்கத்தில் ஒரு குப்பம். கோட்டையைக் காணோம்.

"கோட்ட எங்கே?"

"அது ஏரிக்கு அந்தக் கோடி. இது சுண்ணாம்புக்குளம்."

"பழவேற்காட்டு ஏரின்னுதானே கேட்டேன்?"

"இதுவும் அந்த ஏரிதான்யா. நான் இன்னா வேற ஏரிக்கா இட்டாந்தேன்?"

அவர் சொன்னதில் பிழையில்லை. எங்கள் ஊர் ஏரியை ஒரு கரையில் நின்றால் மறு கரையில் மாடு மேய்வது தெரியும். இது அப்படியில்லை, வானம் வந்து தண்ணீரில் இறங்குகிறவரைக்கும் ஏரி. குடிக்கலாம் என்று அள்ளி வாயில் விட்டேன், உப்பு. இவ்வளவு தண்ணீரைக் கொட்டிவைத்து அதில் உப்பையும் போட்டவனை என்ன சொல்ல.

கரையில் ஒரு தட்டைப் படகில் கிளிஞ்சல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கோட்டைச் சுவருக்குச் சுண்ணாம்பு சுட இங்கிருந்துதான் கிளிஞ்சல் போகிறதாம். படகுக்காரன் எல்லையன், கோட்டைக்குப்பத்துக்காரன், கோட்டைக்கு நடந்துபோகிற தூரத்தில் வீடு. நாகம்மா கிளிஞ்சல் குவியலின்மேல் ஒரு நண்டுக் கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏறிக்கொள்ளச் சொன்னார்கள். என் மூட்டையிலிருந்த வெற்றிலையைப் பார்த்ததிலிருந்து நாகம்மாவுக்கு என் பெயர் வெத்தல.

பாதி ஏரியில் படகு சேற்றில் ஏறி நின்றுவிட்டது. கிளிஞ்சல் பாரம், தண்ணீரும் வற்றிக்கொண்டிருந்தது. எல்லையன் கழியை ஊன்றித் தள்ளிப் பார்த்தான், பிறகு கழியைக் கீழே வைத்துவிட்டுச் சுருட்டைப் பற்றவைத்தான்.

"இப்ப என்ன செய்யறது?" என்றேன்.

"தண்ணி ஏறட்டும் நைனா."

"எப்ப ஏறும்?"

"ஏறும்போது ஏறும்."

கப்பல் போய்விட்டால்? இடுப்பில் இருப்பது இவர்களுக்குத் தெரிந்துவிட்டால்? தண்ணீர் ஏறாமலே போனால்? எங்கள் ஊரில் வாய்க்கால் தண்ணீர் போனால் போனதுதான், திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. என் கை ஆடுவதை நாகம்மா பார்த்தாள்.

"இன்னாய்யா வெத்தல, குளிரா?"

"இல்ல."

"காச்சலா?"

"இல்ல. பயம்."

"எதப் பாத்து?"

"எல்லாத்தையும்."

எல்லையன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. எதற்காகப் போகிறேன் என்று கேட்டாள், சொன்னேன். முந்தானையிலிருந்து ஒரு தகரச் சிமிழை எடுத்தாள். கஞ்சா இலையை நெய்யில் வதக்கிக் கருப்பட்டிப் பாகில் கிண்டிய லேகியம், கரும்பச்சை நிறம். கடலுக்குப் போகிறவர்களுக்கு அவள்தான் செய்து விற்கிறாள். மிளகு அளவுக்கு நுனிவிரலில் கிள்ளி உருட்டி என் உள்ளங்கையில் வைத்தாள்.

"மிளகு ஒன்னு ஒரு காசு. படகு ஏறி வந்தவனுக்கு மொத ஒன்னு இனாம்."

வாயில் போட்டுக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. இவளும் என்னை ஏய்க்கிறாள் என்று நினைத்தேன். வெகுநேரம் கழித்து, தண்ணீர் திரும்பிப் படகின் அடி லேசாக அசைந்தபோது பார்க்கிறேன், நான் நண்டுக் கூடையில் கைவைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். நெஞ்சுக்குள் யாரோ இறுக்கிப் பிடித்திருந்த பிடியைக் கொஞ்சம் தளர்த்தியிருந்தார்கள். கவலைகள் எல்லாம் அப்படியே இருந்தன, ஆனால் அவை கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்திருந்தன. அன்று அவர்கள் வீட்டில் மடவை மீன் குழம்பும் கேழ்வரகுக் களியும் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். தம்பி போன பிறகு பசித்துச் சாப்பிட்டது அதுதான்.

*

இரண்டாம் நாள் காலை எல்லையன் என்னைப் பழவேற்காட்டுக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய் மீரா லெப்பையைக் காட்டினான். கப்பல் வியாபாரம் செய்த குடும்பம். இப்போது கப்பல் இல்லை, பாஷை மட்டும் மிச்சம். கோட்டைக்குள் துபாசி வேலை பார்க்கிறார், உலாந்தாக்காரர் பேச்சும் போர்த்துக்கல் பறங்கிப் பேச்சும் தெரியும். தெருவில் துணி மூட்டைகள், கருவாடு, அத்தர் எல்லாம் ஒரே காற்றில் மணத்தன. வெற்றிலைக் கடை ஒன்றும் இருந்தது. உப்புக் காற்றில் துவண்ட இலைகள், எங்கள் ஊரில் ஆட்டுக்குப் போடுவோம்.

லெப்பை என் கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நாளைக் கழிச்சு கணக்கர் உக்காருவார். அதுக்கப்புறம் கப்பல்தான். வாடைக்காத்துக்கு முன்னால கெளம்பியாகணும். மூணு கேள்விதான் கேப்பாரு. ஆளோட பேரு, தகப்பன் பேரு, ஒடம்புல என்ன அடையாளம். அப்பறம் ஆளக் கொண்டுவந்து நிறுத்தி, இவன்தானான்னு கேப்பாரு. ஆமான்னா பணத்தக் கட்டிட்டு இட்டுக்கிட்டுப் போகலாம். எங்க, இப்ப எனக்குச் சொல்லுங்க பாப்போம். உங்க தகப்பன் பேரு?"

எனக்கு அப்பா பெயர் வரவில்லை. சத்தியமாக வரவில்லை. அவர் முகம் வந்தது, அவர் கட்டிய துண்டின் கரை வந்தது. பெயர் வரவில்லை.

லெப்பை எல்லையனைப் பார்த்தார். "இவர வெச்சுக்கிட்டு எப்படிப்பா?"

"எங்க வூட்டுல ஒரு மருந்து கீது லெப்பை."

"அந்தக் கதைய என்கிட்ட சொல்லாத. நமக்கு அது ஆகாது" என்று காதைப் பொத்திக்கொண்டார். பிறகு பொத்திய கையைக் கொஞ்சம் விலக்கி, "பேச வைக்குமா?" என்று கேட்டார்.

அன்று நான் செய்த முட்டாள்தனம் இது. ஒன்று நல்லது என்றால் இரண்டு இன்னும் நல்லதுதானே என்று நாகம்மாவிடம் இரண்டு மிளகு கேட்டேன். "வேணாம்யா" என்றாள். கெஞ்சினேன். "சரி, இன்னிக்கு வேல ஒன்னுமில்ல, பட்டுத் தெரிஞ்சிக்க" என்று கொடுத்தாள். வெறும் வயிற்றில் போட்டேன்.

பட்டப்பகலில், அவர்கள் கூரைக்குக் கீழே, நான் பட்ட பாட்டை எழுதக் கை கூசுகிறது. நெஞ்சு அடிப்பது எனக்குக் காதால் கேட்டது. நண்டுகள் கூடையைச் சுரண்டுகிற சத்தம் என்னைப் பற்றிய பேச்சாகத் தெரிந்தது. எல்லையன் வெளியே யாரிடமோ மீன் விலை பேசினான், என்னைத்தான் விலை பேசுகிறான் என்று நினைத்து மூலையில் ஒடுங்கினேன். நாகம்மா கஞ்சி கொண்டுவந்து வைத்தால், இது எதற்கு என்று பத்துத் தடவை கேட்டேன்.

தெளிந்த பிறகு அவள் திட்டவில்லை. "பாத்தியா? ஒன்னு போட்டா ஒம் பயத்தப் புடிச்சிக் கட்டுது. ரெண்டு போட்டா அதே பயத்துக்குக் கொம்பு மொளைக்குது. எங்க வூட்டு ஆளு சுண்டக்கா அளவு முழுங்கிட்டு அலை மேல நிப்பாரு. அது அந்த ஒடம்பு. ஒனக்கு மிளகு. மிளகுக்கு மேல ஒனக்கு வெசம்."

அந்தக் குப்பத்தில் இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள், வேறெங்கும் நான் கேள்விப்படாதது. வீட்டுக்கு எதிரே தண்ணீரில் ஒரு கழி நட்டு, அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று இடத்தில் கயிற்று முடிச்சு போட்டிருந்தது. ஏற்றத்தில் மூன்றும் முழுகிக் கிடக்கும். தண்ணீர் வற்றத் திரும்புகிற நேரம் பார்த்து லேகியத்தை வாயில் போட வேண்டும். முதல் முடிச்சு வெளியே தெரியும்போது ஒன்றும் தெரியாது. இரண்டாவது தெரியும்போது மருந்து ஏறும். மூன்றாவது தெரிவதற்குள் காரியத்தை முடித்துக்கொள்ள வேண்டும். கடலுக்குப் போகிறவர்கள் முகத்துவாரத்து அலையைத் தாண்டும் நேரத்தை இப்படித்தான் கணக்குப் பண்ணுகிறார்கள்.

"ஒரு வத்தத்துக்கு ஒன்னுதான். தெரியலயேன்னு ரெண்டாவது போடக்கூடாது. வேணும்னா அடுத்த வத்தம் வரட்டும்" என்றாள் நாகம்மா.

*

மூன்றாம் நாள் எல்லையனுக்குப் பாடு. ஏரியில் நல்ல இடத்தில் வலை போடுகிற உரிமை குலுக்கலில் முறை வைத்து வரும், அதைத்தான் பாடு என்கிறார்கள். தாய் செத்தாலும் பாட்டை விடமாட்டோம் என்றான். அவன் போய்விட்டான். லெப்பை தாமே குப்பத்துக்கு நடந்து வந்தார், செருப்பில் சேறு அப்பியதற்கு என்னைத் திட்டிக்கொண்டே.

கஞ்சி குடித்துவிட்டு, தண்ணீர் திரும்பியதும் ஒரு மிளகு போட்டுக்கொண்டு, கழியைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். இரண்டாம் முடிச்சு ஈரமாக வெளியே வந்தது. "ம், கேளுங்க லெப்பை" என்றாள் நாகம்மா.

லெப்பை முகத்தை உலாந்தாக்காரர்போல் உப்பவைத்துக்கொண்டார். "ஆள் பேரு?"

"முத்தையன்."

"தகப்பன் பேரு?"

"ஆறுமுகம்."

"அடையாளம்?"

"இடது முழங்கைக்குக் கீழ ஒரு தழும்பு. வெத்தல கிள்ளும்போது கத்தி பட்டது. நான் வீசின கத்தி."

லெப்பை உப்பிய முகத்தை விட்டுவிட்டார். "அல்லா" என்றார் மெல்ல. "இவர்தானா நேத்து வந்தவரு?"

எனக்கே நம்ப முடியவில்லை. இருபது வருஷமாக என் நாக்கைப் பிடித்திருந்தது எதுவோ, அது ஒரு மிளகுக்குக் கட்டுப்பட்டது. வாத்தியார் முன்னால் நின்ற அந்தப் பையனுக்கு இது கிடைத்திருந்தால் என்று நினைத்தேன். ஆனாலும் அடிவயிற்றில் ஒரு சின்ன நடுக்கம் இருக்கத்தான் செய்தது. அதை நாகம்மாவிடம் சொன்னேன்.

"இருக்கணும்யா" என்றாள். "கொஞ்சம் பயம் மிச்சம் இருந்தாத்தான் அளவு சரின்னு அர்த்தம். சுத்தமா பயம் போனவன் அலைல செத்துப்பூடுவான். அந்த மிச்சத்த அப்படியே வெச்சிக்க, தொடாத."

அவள் சொன்னதில் இதைத்தான் நான் மறந்தேன்.

*

நான்காம் நாள். ஏற்றம் முழுசாக நின்ற காலை. கஞ்சி குடித்தாயிற்று. நாகம்மா வாழைச்சருகில் இரண்டு உருண்டை மடித்துக் கொடுத்தாள்.

"ரெண்டா?" என்றேன் பயந்துபோய்.

"ஒன்னு ஒனக்கு, தொறையிலயே போட்டுக்க. இன்னொன்னு ஒன் தம்பிக்கு. எத்தினி நாளா கயித்துல கட்டிக் கெடக்கறானோ. வெளிய வந்ததும் குடு, கைகால் ஒதறாம வீடு போய்ச் சேருவான்." பிறகு சிரித்துக்கொண்டு, "தம்பிதுக்கு ஒங்கிட்ட காசு வாணாம். அவனே வந்து குடுக்கட்டும். அவன் மூஞ்சிய நான் பாக்கணும் இல்ல?"

துறையில் தண்ணீர் திரும்பியதைக் கண்ணால் பார்த்து என்னுடையதைப் போட்டுக்கொண்டேன். தம்பியுடையதை இடுப்பில், வராகன் பக்கத்தில் செருகினேன். எல்லையன் என் தோளைத் தட்டினான். "ரெண்டு ஆளா திரும்பி வா நைனா. மத்தியானத்துக்கு எறால் வாங்கி வெச்சிருக்கேன்."

கோட்டை வாசலில் லெப்பை காத்திருந்தார். உள்ளே போய் அகழியைப் பார்த்த ஒரு பலகையில் உட்காரச் சொன்னார்கள். அங்கேயிருந்து ஏரி தெரியவில்லை. சுவர்தான். முன்னால் அகழித் தண்ணீர், பச்சைப் பாசி படர்ந்து அசையாமல் கிடந்தது.

நேரம் போயிற்று. எவ்வளவு என்று தெரியவில்லை. நான் அகழியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், நான்கு நாளாகத் தண்ணீரைப் பார்த்து நேரம் சொல்லப் பழகியிருந்தேன் அல்லவா. இந்தத் தண்ணீர் ஒரு விரற்கடை கூட இறங்கவில்லை. அகழிக்கு ஏற்றமும் இல்லை வற்றமும் இல்லை என்று ஒரு குழந்தைக்குத் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தும் பார்த்தேன். இறங்காத தண்ணீரைப் பார்க்கப் பார்க்க நேரமே போகவில்லை, மருந்தும் ஏறவில்லை என்று தோன்றிவிட்டது. சிப்பாய்கள் இருவரும் தெலுங்கில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். கேட்டதற்கு லெப்பை சொன்னார்: "இவனுக்குப் பல்வலி, அவன் கிராம்பு வெச்சுக்கச் சொல்றான். வேற ஒண்ணுமில்ல." ஆனால் அந்தச் சிரிப்பில் என் அடிவயிறு ஒருமுறை நடுங்கியது. பார், பயம் இருக்கிறது, மருந்து வேலை செய்யவில்லை, இன்றைய உருண்டையில் சத்து இல்லை என்று முடிவு கட்டினேன்.

லெப்பை உள்ளே எட்டிப் பார்க்கப் போனார். இடுப்பிலிருந்து தம்பியின் உருண்டையை எடுத்து வாயில் போட்டு விழுங்கினேன்.

இப்போது நினைத்துப் பார்க்கிறேன். சருகைப் பிரித்த கை நடுங்கவே இல்லை.

விழுங்கி முடிக்கவும் லெப்பை கூப்பிடவும் சரியாக இருந்தது. கொட்டகைக்குள் மேசை, அதன் பின்னால் சிவந்த முகத்தோடு, வேர்த்துக்கொண்டு, சின்ன வயதுக்காரர் ஒருவர். அவர் கேட்டார், லெப்பை சொன்னார், நான் பதில் சொன்னேன். முத்தையன். ஆறுமுகம். இடது முழங்கைக்குக் கீழே. ஒரு தடுமாற்றம் இல்லை. கணக்கர் ஏட்டில் விரலை ஓட்டி ஓர் இடத்தில் நிறுத்தி ஏதோ சொன்னார்.

லெப்பையின் முகம் மலர்ந்தது. "எல்லாம் சரியா இருக்குதாம். 'உண்மையான ஆள்'னு சொல்றாரு. சாப்புட்டு வந்து ஆளக் கூப்புடுவாராம். அவ்வளவுதான், முடிஞ்சுது."

கணக்கர் சாப்பிடப் போனார். நாங்கள் மறுபடியும் பலகையில் வந்து உட்கார்ந்தோம். மருந்து வேலை செய்ததுபற்றி எனக்குச் சந்தோஷமே வரவில்லை. வயிற்றில் இன்னொன்று கிடக்கிறது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. விரலைத் தொண்டையில் விட்டுப் பார்த்தேன். கஞ்சிதான் கொஞ்சம் வந்தது. வெயில் என்று நினைத்து லெப்பை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

உலாந்தாக்காரர்கள் நன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். கணக்கர் திரும்பி வந்து எங்களை உள்ளே கூப்பிட்டபோது, அவர் இறகுப் பேனா ஏட்டைக் கீறுகிற சத்தம் என் முதுகில் கேட்டது.

மூன்று பேரை ஒரே கயிற்றில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தலை மழித்திருந்தது. நடுவில் இருந்தவன் முத்தையன். மெலிந்துபோயிருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். "ண்ணா" என்றான்.

அந்தக் கயிற்றில் இன்னும் நீளம் இருந்தது. மீதி தரையில் சுருண்டு கிடந்தது. நான் அந்தச் சுருளைப் பார்த்தேன். அது எனக்கு என்று தெரிந்துவிட்டது. எழுதிக்கொண்டிருப்பது என் பெயர். ஆமாம் என்று சொன்னால் அண்ணனும் தம்பியும் ஜோடி என்று சேர்த்துக் கட்டுவார்கள். லெப்பை இதற்குத்தான் சிரித்தார். எறால் இதற்குத்தான் வாங்கினார்கள். நெஞ்சு காதுக்குள் வந்து அடித்தது.

கணக்கர் கேட்டார். லெப்பை சொன்னார்: "இவன் உங்க தம்பிதானான்னு கேக்கறாரு."

"தெரியாது" என்றேன்.

"என்னது?"

"தெரியாது. இவன் யாருன்னு எனக்குத் தெரியாது."

லெப்பை அதை எடுத்துச் சொல்லவில்லை. என் கையைப் பிடித்தார். "நல்லாப் பாருங்க. மொட்டையடிச்சிருக்கு, அதனால. நல்லாப் பாத்து ஆமான்னு சொல்லுங்க."

"தெரியாது, தெரியாது" என்று கையை உதறினேன். என் உடம்பு முழுக்க ஆடியது.

முத்தையன் பதறவில்லை. என்னைத் தெரிந்தவன் அவன், பள்ளிக்கூடத்து வாசலில் நின்று நான் அடிபடுவதைப் பார்த்தவன். லெப்பையிடம் சொன்னான்: "அவருக்கு இப்படித்தாங்க வரும். நாலு பேரு முன்னால வாய் வராது. கொஞ்ச நேரம் விட்டீங்கன்னா சொல்லிடுவாரு. எங்கண்ணன்தாங்க."

லெப்பை அதைச் சொன்னார், வேகமாக, கைகூப்பி. கணக்கர் என் நடுக்கத்தைப் பார்த்தார். தரகன் ஆள், மாட்டிக்கொண்டதும் நழுவுகிறான் என்று சொன்னதாக லெப்பை பிறகு சொன்னார். ஏட்டில் ஒரு கோடு இழுத்தார். கயிறு திரும்பிப் போயிற்று. கடைசிவரை முத்தையன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான், நான் இப்போது சொல்லிவிடுவேன் என்று.

துறையில் நாகம்மா என் கண்ணைப் பார்த்தாள். "எத்தினி போட்ட?"

"ஒன்னு" என்றேன்.

*

ஐந்தாம் நாள் தெளிந்து, விடிந்ததும் கோட்டைக்கு ஓடினேன். லெப்பை எனக்கு முன்னால் போய்க் கெஞ்சிக்கொண்டிருந்தார். கோடு இழுத்ததை அழிப்பது வழக்கமில்லையாம். ஆட்களை ஏற்றிக்கொண்டு படகுகள் முகத்துவாரத்தைத் தாண்ட ஆரம்பித்திருந்தன. எல்லையன் கேட்காமலே தன் படகில் என்னை ஏற்றிக்கொண்டு ஏரியின் வாய்வரை தள்ளினான். கிளிஞ்சல் ஏற்றுகிற தட்டைப் படகு அது, அலையில் நிற்காது. வற்றும் தண்ணீர் கடலுக்குள் இழுத்துக்கொண்டு ஓடியது. "இதுக்கு மேல முடியாது நைனா" என்றான். மணல் திட்டில் ஏறி நின்று பார்த்தேன். எல்லாத் தலையும் மொட்டை. எதைப் பார்த்துக் கையசைப்பது என்று தெரியவில்லை. எல்லாப் படகையும் பார்த்து அசைத்தேன்.

என் பயம் அங்கே இல்லை. ஒரு துளியும் இல்லை. பயப்பட ஒன்றும் மிச்சம் இல்லாதபோது மருந்து தேவைப்படவில்லை.

கிளம்பும்போது நாகம்மா கணக்குச் சொன்னாள். மொதல் நாள் இனாம். மறுநாள் ரெண்டு. அப்பால ஒன்னு, அப்பால ஒன்னு. நான்கு காசு கொடுத்தேன்.

"தம்பிக்கு வெச்சது?"

"அகழியில விழுந்துடுச்சு" என்றேன்.

ஐந்தாவது காசை நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "அத ஒங்கிட்டயா கேட்டேன்? அவன் வந்து குடுப்பான். போனவங்க திரும்பி வந்திருக்காங்கய்யா. தண்ணி போனா வரும்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் வெள்ளைக்காரன் துப்பாக்கியை நீட்டியதாகச் சொன்னேன். அந்தக் கதையைக் கிளப்பியவன் நான்தான். எட்டு வராகனைத் திருப்பிக் கொடுத்துக் கொடிக்காலை மீட்டாயிற்று. இந்த வருஷம் இலை நன்றாக வந்திருக்கிறது. இதைப் படித்துவிட்டு யாராவது தம்முடைய ஆளைத் தேடி அந்தப் பக்கம் போனால் கோட்டைக்குப்பத்தில் நாகம்மாவைக் கேளுங்கள், அளவு அவளுக்குத் தெரியும். நான் இரண்டு போட்டேன் என்று அவளிடம் சொல்லிவிடுங்கள். என்னால் சொல்ல முடியவில்லை.

அவளுக்கு இன்னும் சேர வேண்டியது ஒரு காசு.